12 மணி நேரக் கடமையும் 30 நாள் லீவும்: படையில் உள்ளவர்களின் ஆண்டு லீவு எண்ணப்படும் விதம்

கோண்டாவிலிலிருந்து ஓர் அக்கா இந்தக் கேள்வியை அனுப்பியிருக்கிறார். அவருடைய தமையனார் குடும்பம் அமெரிக்காவில் இருக்கிறது. தமையனாரின் மகன் அந்நாட்டு விமானப்படையில் விமானப் பராமரிப்புப் பிரிவில் 12 மணி நேரக் கடமை செய்கிறார். நல்லூர்த் தேருக்கும் தீர்த்தத்துக்கும் வர வேண்டும் என்று இம்முறை 16 நாள் லீவு கேட்டிருக்கிறார். அந்த 16 நாளில் அவர் கடமைக்குப் போக வேண்டியிருந்தது 7 நாள் மட்டுமே. மிகுதி 9 நாளும் அவருடைய அட்டவணைப்படி ஓய்வு நாள்கள். இருந்தும் 16 நாளும் லீவுக் கணக்கிலிருந்து கழிக்கப்படும் என்று சொல்லிவிட்டார்களாம். "எங்கள் மருமகள் இங்கே அரசாங்க உத்தியோகம். அவள் அமைய லீவு போட்டால் சனி ஞாயிறைக் கழிப்பதில்லையே. பிள்ளையை ஏமாற்றுகிறார்களா?" என்று அக்கா கேட்கிறார்.

ஏமாற்றவில்லை, அக்கா. அந்தக் கணக்கு சரியானதுதான். ஆனால் அது ஏன் சரி என்பதையும், உங்கள் மருமகன் உண்மையில் எந்த இடத்தில் நாள்களை இழக்கக்கூடும் என்பதையும் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். அதே விமானப்படையில் நிர்வாகப் பிரிவில் 20 ஆண்டுகள் கடமையாற்றி, அதில் பாதிக்கு மேற்பட்ட காலத்தை லீவு விண்ணப்பங்களைப் பதிவதிலும் சரிபார்ப்பதிலும் கழித்துவிட்டு, இப்போது கொக்குவிலில் இருக்கிறேன். படையில் பிள்ளை இருக்கிறான் என்று சொல்லவே எமது ஊரில் பலர் தயங்குவார்கள். அந்தத் தயக்கத்தின் காரணம் எல்லோருக்கும் தெரியும். அதனாலேயே வெளிநாட்டுப் படைகளில் இருக்கும் எமது பிள்ளைகளின் உரிமைகளைப் பற்றி வீட்டாருக்கு விளங்கப்படுத்த ஆள் இல்லாமற் போகிறது.

முதலில் அடிப்படை. அமெரிக்கப் படைகளில் முழுநேரக் கடமையில் உள்ள ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்கு 30 நாள் லீவு சட்டப்படி உண்டு. அது ஒரே தடவையில் கையில் கொடுக்கப்படுவதில்லை. கடமையாற்றும் ஒவ்வொரு மாதத்துக்கும் 2.5 நாள் வீதம் சேர்ந்து வருகிறது. நேற்றுச் சேர்ந்த சிப்பாய்க்கும் நான்கு நட்சத்திர ஜெனரலுக்கும் இந்த வீதம் ஒன்றுதான். லீவுக் கணக்கின் ஆண்டு ஒக்ரோபர் 1 இல் தொடங்கிச் செப்ரெம்பர் 30 இல் முடிகிறது. இங்கே மருமகளுக்குத் தாபன விதிக்கோவையின்படி 21 நாள் அமைய லீவும் 24 நாள் ஓய்வு லீவுமாக 45 நாள் இருப்பதோடு ஒப்பிட்டால் 30 என்பது குறைவாகத் தெரியும். ஆனால் இரண்டையும் நேருக்கு நேர் வைத்து ஒப்பிட முடியாது, ஏனென்றால் எண்ணப்படும் பொருளே வேறு.

அரச ஊழியர் ஒருவரின் அமைய லீவு, அவர் வேலைக்கு வர வேண்டிய நாளில் வராமல் இருப்பதற்கான அனுமதி. அமெரிக்கப் படையில் எண்ணப்படுவது கலண்டர் நாள். அங்கே படையில் உள்ளவர் நாளுக்கு 24 மணி நேரமும் வாரத்துக்கு 7 நாளும் கடமைக்குக் கட்டுப்பட்டவர் என்பதே சட்டத்தின் பார்வை. சனி ஞாயிறு வீட்டில் இருப்பதும், கடமை முறை முடிந்து இரண்டு நாள் ஓய்ந்திருப்பதும் தளபதி தரும் அனுமதியாகவே கருதப்படுகின்றன. தேவை வந்தால் எந்த நேரமும் திருப்பி அழைக்கலாம். லீவில் இருக்கும்போது மட்டுமே அந்தக் கட்டு முறையாகத் தளர்கிறது, ஆகவே லீவு தொடங்கிய நாளிலிருந்து முடியும் நாள் வரை இடையில் வரும் சனி, ஞாயிறு, பொது விடுமுறை, அட்டவணைப்படியான ஓய்வு நாள் அனைத்தும் லீவு நாளாகவே எண்ணப்படுகின்றன. சம்பளமும் இதே தருக்கத்தில்தான் கொடுக்கப்படுகிறது: மாதச் சம்பளம் உண்டு, மேலதிக நேரக் கொடுப்பனவு என்ற ஒன்று இல்லை.

இது 12 மணி நேரக் கடமை செய்பவருக்கு அநீதியாகத் தோன்றுவது இயல்பு. "எழுத்து வேலை செய்பவன் 14 நாள் லீவு எடுத்தால் 10 வேலைநாள் தப்புகிறது, எனக்கு 7 தானே" என்று என் மேசைக்கு முன்னால் வந்து நின்று கேட்ட இளைஞர்கள் பலர். அவர்களுக்கு ஒரு தாளில் மணிக்கணக்கைப் போட்டுக் காட்டுவேன். அதையே உங்களுக்கும் காட்டுகிறேன்.

பராமரிப்புப் பிரிவுகளிலும் காவற் பிரிவுகளிலும் பரவலாக உள்ள ஓர் அட்டவணையைப் பனாமா முறை என்பார்கள். இரண்டு நாள் கடமை, இரண்டு நாள் ஓய்வு, மூன்று நாள் கடமை; அடுத்து இரண்டு நாள் ஓய்வு, இரண்டு நாள் கடமை, மூன்று நாள் ஓய்வு. இப்படி 14 நாளில் ஒரு சுற்று முடிகிறது. உங்கள் மருமகனின் 16 நாளில் 7 கடமை என்பதைப் பார்த்தால் அவருடையதும் இதுவாகவே இருக்க வேண்டும். ஒரு சுற்றில் 7 கடமை, கடமைக்கு 12 மணி நேரம், ஆக 84 மணி நேரம். எழுத்து வேலை செய்பவர் அதே 14 நாளில் 10 நாள், நாளுக்கு 8 மணி நேரம், ஆக 80 மணி நேரம் வேலை செய்கிறார். இருவரும் 14 நாள் லீவு எடுத்தால் ஒருவர் 80 மணி நேர வேலையிலிருந்து விடுபடுகிறார், மற்றவர் 84 மணி நேர வேலையிலிருந்து விடுபடுகிறார். ஆண்டு முழுவதற்குமான 30 நாளைக் கணக்கிட்டால் முன்னவருக்கு ஏறத்தாழ 171 மணி நேரம், பின்னவருக்கு 180 மணி நேரம். நீண்ட கடமை செய்பவருக்குக் கலண்டர் முறையால் நட்டம் இல்லை. சிறிதளவு இலாபம்கூட உண்டு. ஒரேயொரு நாள் மட்டும் லீவு போடும்போது இது இன்னும் தெளிவாகத் தெரியும்: இருவர் கணக்கிலும் ஒரு நாள்தான் கழிகிறது, ஆனால் ஒருவருக்குத் தப்புவது 8 மணி நேரம், மற்றவருக்கு 12.

உண்மையான சிக்கல், வேலைநாளாக எண்ணும் நாடுகளில்தான் வருகிறது. எமது உறவினர் நிறையப் பேர் இருக்கும் பிரித்தானியாவில் படையினருக்கு ஆண்டுக்கு 30 வேலைநாளும் 8 பொது விடுமுறை நாளுமாக 38 நாள் லீவு உண்டு. கனடாவில் சேவை 5 ஆண்டை எட்டும் வரை 20 வேலைநாள், அதன்பின் 25. அங்கே வார இறுதி கழிக்கப்படுவதில்லை. ஆனால் ஒரு நாள் என்றால் 8 மணி நேரமா 12 மணி நேரமா என்ற கேள்வி உடனே எழுந்துவிடும், லீவை மணிக்கணக்காக மாற்றித்தான் நியாயம் செய்ய வேண்டியிருக்கும். பிரித்தானியாவின் பொதுவான தொழிற் சட்டம் ஆண்டு லீவை 5.6 வாரம் என்று வாரக் கணக்கில் சொல்வது இதனால் எனக்குப் பிடிக்கும்; வாரத்துக்குச் சராசரி 3.5 கடமை செய்பவருக்கு அது 19.6 கடமை என்று குழப்பமின்றிப் பிரிந்துவிடுகிறது.

இனி, லீவின் இரு முனைகள். கலண்டர் முறையில் நடுவிலுள்ள நாள்களைப் பற்றி வாதிட எதுவும் இல்லை. தொடங்கும் நாளும் முடியும் நாளுமே கவனத்துக்குரியவை. புறப்படும் நாளில் அன்றைய கடமையில் பாதிக்கு மேல் செய்து முடித்திருந்தால் அந்த நாள் கடமை நாளாகவே கொள்ளப்படும், லீவிலிருந்து கழியாது. காலை 6 மணிக்குக் கடமைக்கு ஏறி மாலை 6 மணிக்கு இறங்கும் பிள்ளை, செவ்வாய்க்கிழமைக் கடமையை முழுமையாக முடித்துவிட்டு அன்றிரவே விமானம் ஏறினால் லீவு புதன்கிழமையிலிருந்துதான் எண்ணப்படும். அதே பிள்ளை செவ்வாய் காலை 10 மணிக்கே விடைபெற்றுப் போனால் செவ்வாயும் லீவு நாள்.

இரவுக் கடமை செய்பவர்களுக்கு இதில் ஒரு முடிச்சு உண்டு. செவ்வாய் மாலை 6 மணிக்கு ஏறிப் புதன் காலை 6 மணிக்கு இறங்கியவர், புதன்கிழமையை லீவு நாளாகக் கொடுக்க வேண்டுமா? எங்கள் அலுவலகத்தில் கடமை தொடங்கிய திகதியையே கடமையின் திகதியாகக் கொண்டு பதிந்தோம். அதன்படி அவருடைய புதன்கிழமைக் கடமை என்பது அன்று மாலை தொடங்க வேண்டியது, அதற்கு அவர் வரவில்லையென்றால் புதன் லீவுதான். ஆனால் கடமைப் பட்டியல் எழுதுபவரும் லீவுப் பதிவு செய்பவரும் ஒரே திகதியை மனத்தில் வைத்திருக்கிறார்கள் என்று நம்பிவிடக் கூடாது. நான் திருத்திக் கொடுத்த தவறுகளில் பெரும்பாலானவை நள்ளிரவைத் தாண்டும் கடமைகளில் ஒரு நாள் கூடுதலாகக் கழிக்கப்பட்டவையே. மேற்பார்வையாளரிடம், "என் கடைசிக் கடமை எந்தத் திகதிக்கு உரியது, லீவு எந்தத் திகதியில் தொடங்குகிறது" என்று மின்னஞ்சலில் கேட்டு, பதிலையும் மின்னஞ்சலிலேயே வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

இப்போது உங்கள் கேள்வியின் மையத்துக்கு வருகிறேன். அந்த 16 நாளின் தொடக்கத்தில் ஒரு புதனும் வியாழனும் ஓய்வு நாள்கள். முடிவிலும் ஒரு புதனும் வியாழனும் ஓய்வு நாள்கள். லீவை வெள்ளியில் தொடங்கி, மூன்றாவது வாரச் செவ்வாயில் முடிப்பதாக விண்ணப்பித்தால் கழிபடுவது 12 நாள் மட்டுமே. தப்பும் கடமை அதே 7. அப்படியானால் ஏன் 16 நாள் கேட்டார்? ஏனென்றால் லீவு கடமையிடத்தைச் சூழ்ந்த உள்ளூர் எல்லைக்குள் தொடங்கி அதே எல்லைக்குள் முடிய வேண்டும் என்பது விதி. உள்ளூர் எல்லை என்பது, அவர் குடியிருந்து நாளாந்தம் கடமைக்குப் போய்வரும் பகுதி. முன்னால் உள்ள புதனையும் வியாழனையும் லீவில் சேர்க்காமல் விடலாம், ஆனால் அந்த இரு நாளும் அவர் அங்கேயே இருக்க வேண்டும். பெட்டி அடுக்கலாம், கடைக்குப் போகலாம், யாழ்ப்பாணத்துக்கு விமானம் ஏறக் கூடாது. பின்னால் உள்ள இரு நாளும் அவ்வாறே. கொழும்பில் இறங்கி, அங்கிருந்து யாழ்தேவியிலோ இரவுப் பேருந்திலோ வந்து சேருவதற்கே போக வர நான்கு நாள் செலவாகும் பயணத்தில், 12 நாள் லீவு என்றால் நல்லூரில் நிற்க 8 நாள்தான் மிஞ்சும். அவர் 16 நாள் கேட்டதில் பிழை இல்லை. அந்த நான்கு ஓய்வு நாளையும் விலை கொடுத்து வாங்கியிருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இதில் குறுக்கு வழி தேடுபவர்கள் உண்டு. வெள்ளி முதல் ஞாயிறு வரை லீவு, திங்கள் செவ்வாய் ஓய்வு, மீண்டும் புதன் வியாழன் லீவு என்று துண்டு துண்டாக விண்ணப்பித்தால் இடையிலுள்ள ஓய்வு நாள்கள் தப்பும் என்று நினைப்பார்கள். வார இறுதியை இடையில் விட்டு, வெள்ளியில் லீவை முடித்துத் திங்களில் மறுபடி தொடங்குவதை விதி வெளிப்படையாகவே தடுக்கிறது. முறைக் கடமையின் ஓய்வு நாளுக்கும் அதே நோக்கம் பொருந்தும். யாழ்ப்பாணத்தில் நின்றுகொண்டே "திங்கட்கிழமை நான் அங்கே ஓய்வில் இருந்தேன்" என்று பதிவது பொய்ப் பதிவு. இரண்டு நாள் லீவுக்காக ஒரு பிள்ளை ஒழுக்காற்று விசாரணைக்குப் போவதை நான் பார்த்திருக்கிறேன். யாராவது மூத்தவர் இப்படி ஆலோசனை சொன்னால் உங்கள் மருமகன் கேட்கவே கூடாது.

நீண்ட கடமை செய்பவர் உண்மையில் நாள்களை இழப்பது வேறு இடத்தில். ஒக்ரோபர் 1 இல் அடுத்த ஆண்டுக்குக் கொண்டு செல்லக்கூடியது 60 நாள் மட்டுமே. அதற்கு மேல் உள்ளது செப்ரெம்பர் 30 நள்ளிரவோடு போய்விடும். அபாயகரமான பகுதிகளில் கடமை செய்தவர்கள் போன்ற சிலருக்கு மட்டும் தற்காலிக விலக்கு உண்டு. ஆள் பற்றாக்குறையான பிரிவுகளில், முறைக்கு இத்தனை பேர் கட்டாயம் நிற்க வேண்டும் என்று ஒரு தொகை வைத்திருப்பார்கள். எட்டு மணி நேர அலுவலகத்தில் ஒருவர் குறைந்தால் மேசை வெறுமையாக இருக்கும், அவ்வளவுதான். முறைக் கடமையில் ஒருவர் குறைந்தால் இன்னொருவரின் ஓய்வு நாளைப் பறித்துத்தான் இட்டு நிரப்ப வேண்டும். ஆகவே "அடுத்த மாதம் பார்ப்போம்" என்ற பதில் அங்கே அடிக்கடி வரும். 2006 இல் நான் 67 நாள் சேர்த்து வைத்திருந்தேன். யூனில் கேட்டேன், யூலைக்குத் தள்ளினார்கள்; யூலையில் கேட்டேன், ஓகஸ்ட் என்றார்கள். எல்லாம் வாய் வார்த்தை, எழுத்தில் ஒன்றும் இல்லை. ஒக்ரோபரில் சம்பளச் சிட்டையைத் திறந்தபோது 60 என்றிருந்தது. அந்த 7 நாளை நினைத்தால் இன்றும் மனம் வேகும். அந்த ஆண்டு என் தாயார் உயிரோடு இருந்தார்.

அந்தச் சம்பளச் சிட்டையைப் படிக்க உங்கள் மருமகனுக்கு யாராவது காட்டிக் கொடுத்தார்களா என்று கேளுங்கள். மாதந்தோறும் வரும் அந்தச் சிட்டையின் நடுவில் லீவுக்கென்று ஒரு வரிசை இருக்கும். முதற் கட்டம் ஆண்டுத் தொடக்கத்தில் கொண்டு வந்த நாள், அடுத்தது இந்த ஆண்டில் இதுவரை ஈட்டியது, அடுத்தது எடுத்தது, அடுத்தது இன்றைய மீதி. அதற்குப் பின், சேவை ஒப்பந்தம் முடியும்போது எவ்வளவு இருக்கும் என்ற கட்டமும், இழந்த நாளுக்கான கட்டமும், விற்ற நாளுக்கான கட்டமும் உண்டு. கடைசிக் கட்டத்தின் தலைப்பு யூஸ் ஸ்லாஷ் லூஸ். இந்தச் செப்ரெம்பருக்குள் எடுக்காவிட்டால் போய்விடும் நாள் எத்தனை என்பதை அது காட்டுகிறது. அதில் பூச்சியம் அல்லாத ஓர் எண் விழுந்த மாதமே லீவுக்கு எழுத்தில் விண்ணப்பிக்க வேண்டும். மறுத்தாலும் மறுப்பு எழுத்தில் இருக்கும், மேலே முறையிட அது உதவும். சேவையிலிருந்து முறையாக விலகும்போது மீதி லீவை அடிப்படைச் சம்பள வீதத்தில் பணமாக மாற்றலாம், ஆனால் வாழ்நாள் முழுவதுக்கும் சேர்த்து 60 நாள்தான் எல்லை.

இன்னோர் இழப்பு பொது விடுமுறை. அங்கே ஆண்டுக்கு 11 கூட்டாட்சிப் பொது விடுமுறை நாள்கள் உண்டு. எழுத்து வேலை செய்பவர் அன்று வீட்டில் இருப்பார், முறைக் கடமையில் இருப்பவர் வேலை செய்வார். அதற்குப் பதிலாக இன்னொரு நாள் தருவது தளபதியின் மனத்தைப் பொறுத்தது. உரிமையாகக் கேட்டுப் பெற முடியாது. என் அபிப்பிராயத்தில் நீண்ட கடமை செய்பவர்களுக்கு இழைக்கப்படும் அநீதி இதுதான், கலண்டர் எண்ணிக்கை அல்ல. ஆண்டுக்கு 11 நாள் என்பது லீவின் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல்.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஊரில் இருப்பவர்களுக்கு இது என்றைக்காவது தேவைப்படும். வீட்டில் மரணமோ கடும் சுகவீனமோ நேர்ந்தால் அவசர லீவு உண்டு. அதுவும் இதே 30 நாளிலிருந்துதான் கழியும், இதே கலண்டர் முறையில்தான் எண்ணப்படும்; மீதி போதாவிட்டால் இனி ஈட்டப்போகும் நாள்களிலிருந்து முற்பணம் போலக் கொடுப்பார்கள். பொதுவாகத் தாய், தந்தை, கணவன், மனைவி, பிள்ளை, சகோதரம் ஆகியோருக்கே அது பொருந்தும். ஆச்சி, அப்பு, பெரியம்மா, அத்தை ஆகியோர் அந்த வகைக்குள் வருவதில்லை. ஆனால் பெற்றோரின் இடத்தில் நின்று வளர்த்தவர் என்று காட்ட முடிந்தால் வரலாம். செய்தியை உறுதிப்படுத்த அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கத்தின் ஊடாக அறிவிப்பதே வழமை, ஆகவே மருமகனின் முழுப்பெயர், பிறந்த திகதி, பிரிவின் பெயர் ஆகியவற்றைத் தமையனார் வீட்டில் ஒரு தாளில் எழுதி வைத்திருக்கச் சொல்லுங்கள். செத்தவீட்டு நேரத்தில் இவற்றைத் தேடிக்கொண்டு நிற்க முடியாது. அந்தியேட்டி வரை, அதாவது 31 நாள், நிற்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது அவர் மீது பெரும் சுமை. ஓராண்டின் லீவு முழுவதும் அதில் போய்விடும்.

இங்கே வந்த பின் காய்ச்சல் வந்து வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டால், உடனே தன் பிரிவுக்கு அறிவித்து, அனுமதித்த திகதியும் வெளியேறிய திகதியும் குறித்த கடிதத்தை ஆங்கிலத்தில் பெற்றுக்கொள்ள வேண்டும். அந்த நாள்களை லீவிலிருந்து விடுவிக்க இடமுண்டு. விமானம் தாமதித்தால், லீவு முடியும் முன்பே நீடிப்புக் கேட்க வேண்டும். முடிந்த பின் கேட்பது அனுமதியின்றி வராமல் இருந்ததற்குச் சமம்.

இனி இந்த நல்லூர்ப் பயணம். கொடியேறி 24 ஆம் நாள் தேர், 25 ஆம் நாள் தீர்த்தம், அது ஆவணி அமாவாசையில் வரும். ஆகவே தேர்த் திகதி ஆண்டுக்கு ஆண்டு மாறும், ஆனால் அவருடைய பனாமாச் சுற்று 14 நாளுக்கு ஒருமுறை மாறாமல் திரும்பும். தேருக்கு முந்திய வாரம் அவருக்கு மூன்று நாள் கடமையா, மூன்று நாள் ஓய்வா என்பதைப் பொறுத்து, கழிபடும் நாள்களில் இரண்டு மூன்று வித்தியாசப்படும். வெளிநாட்டுப் பயணத்துக்கான தனி அனுமதியும் அவர் பெற வேண்டும், அதற்கும் நேரம் எடுக்கும். அவருடைய ஓகஸ்ட், செப்ரெம்பர் கடமை அட்டவணையைப் படம் எடுத்து உங்களுக்கு அனுப்பச் சொல்லுங்கள், கடைசிச் சம்பளச் சிட்டையின் லீவு வரிசையையும் சேர்த்து. நீங்கள் எனக்கு அனுப்பினால், எந்தத் திகதியில் தொடங்கி எந்தத் திகதியில் முடித்தால் தேரும் தீர்த்தமும் பூங்காவனமும் மூன்றும் அகப்படும் என்பதை நாள் நாளாக எழுதித் தருகிறேன்.